ஸ்கிரிவனர்: மூணு பாக நாவல் எழுதுறவங்க வாங்கலாமா?

ஒரே ஒரு நாவல் எழுதுறவங்களுக்கு ஸ்கிரிவனர்ங்கற நாவல் எழுதற சாஃப்ட்வேர் தேவையே இல்ல, வேர்டோ கூகுள் டாக்ஸோ தாராளமா போதும். ஆனா ரெண்டு மூணு பாகமா போற கதைன்னா விஷயமே வேற, மூணாம் பாகம் எழுதிட்டு இருக்கும்போதுதான் முதல் பாகத்துல அத்தைக்கு என்ன வயசு போட்டோம், மாமா செத்து எத்தன வருஷம் ஆச்சுன்னு தேட ஆரம்பிப்போம், அந்த இடத்துல குடுத்த காசுக்கு மேலயே உழைக்குது இந்த சாஃப்ட்வேர்.

கீத் பிளவுன்ட்னு ஒருத்தர் நாவல் எழுத உக்காந்து, தனக்கு ஏத்த மாதிரி ஒண்ணும் கிடைக்காம, தானே ப்ரோக்ராமிங் கத்துக்கிட்டு செஞ்சது இது. மேக்குக்கு 2007ல வந்துச்சு, விண்டோஸுக்கு 2011ல.

பாகத்துக்கு ஒரு ப்ராஜெக்ட்னு பிரிக்காம எல்லாத்தையும் ஒரே ப்ராஜெக்ட்ல வைங்க. இடது பக்கம் இருக்கற பைண்டர்ங்கற லிஸ்ட்ல பாகத்துக்கு ஒரு ஃபோல்டர், உள்ள அத்தியாயம், அதுக்குள்ள காட்சி காட்சியா தனி ஃபைல். புக்கா எடுக்கும்போது எந்த பாகம் வேணுமோ அத மட்டும் கம்பைல் பண்ணிக்கலாம், அதாவது ஒரே ஃபைலா சேர்த்து வெளிய எடுத்துக்கலாம். காட்சிகள பட்டியலா காட்டற அவுட்லைனர்ல நாமளே நெடுவரிசை (column) சேர்க்கலாம், கதை நடக்கற வருஷம், அப்ப ஹீரோவுக்கு வயசு இந்த ரெண்டு நெடுவரிசை போட்டாலே பாதி குளறுபடி கண்ணுல பட்டுடும். காட்சிக்கு ஒரு கார்டுன்னு காட்டற கார்க்போர்டு பாக்க அழகா இருக்கும், ஆனா அதுலயே உக்காந்து பிளான் போட்டுட்டு இருந்தா ஒரு பக்கம் கூட நகராது.

என்னக் கேட்டா இதோட உயிரே ஸ்னாப்ஷாட்தான், அதாவது எழுதினத அப்படியே ஒரு காப்பி எடுத்து வைக்கற வசதி. ஒரு காட்சிய திருத்தறதுக்கு முன்னாடி ஸ்னாப்ஷாட் எடுத்து "தம்பி சாகுறதுக்கு முன்ன" அப்படின்னு பேர் வச்சுட்டு, அப்புறம் அந்தக் காட்சிய என்ன வேணா பண்ணலாம், பழசு அப்படியே இருக்கும், கம்பேர் பண்ணா எத சேர்த்தோம் எத எடுத்தோம்னு காட்டும், புடிக்கலன்னா ஒரே கிளிக்ல பழைய வடிவத்துக்கு போயிடலாம். நல்லா வந்த பத்தின்னு வெட்ட மனசில்லாம வச்சிருக்கறத எல்லாம் அப்பதான் தைரியமா வெட்ட முடியும். தொடர் நாவல்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா மூணாம் பாகத்துல எடுக்கற ஒரு முடிவுக்காக முதல் பாகத்துல எங்கயோ மூலையில இருக்கற காட்சிய மாத்த வேண்டி வரும்.

தமிழ்ல எழுதறவங்க ஒண்ணு கவனிக்கணும். மொத்த ப்ராஜெக்ட்லயும் ஒரு பேர மாத்தற வசதி இருக்கு, ஆனா அத அன்டூ பண்ண முடியாது. அதோட மரகதம்னு தேடினா மரகதத்த, மரகதத்துக்கிட்ட எல்லாம் சிக்காது. "மரகத" வரைக்கும் மட்டும் தேடி, வர்ற லிஸ்ட்ட கலெக்ஷனா சேவ் பண்ணிட்டு ஒவ்வொண்ணா கையால மாத்தறதுதான் நல்லது. செல்லம்மான்னு மாத்தறீங்கன்னா "மரகதத்துக்கு"ங்கறது "செல்லம்மாவுக்கு"ன்னு ஆகணும், அதெல்லாம் பேர மட்டும் மாத்தற ஒரே ரீப்ளேஸ்ல நடக்காது.

குறைன்னு பாத்தா ஆண்ட்ராய்டுக்கு ஆப் இல்ல, நம்ம ஊர்ல பெரும்பாலும் கையில இருக்கறதே ஆண்ட்ராய்டுதான், அதுக்கு இன்னும் ஒரு வழி பண்ணாம இருக்கறது நிஜமாவே வருத்தம். ஐபோன், ஐபேடுக்கு இருக்கு, ஆனா ட்ராப்பாக்ஸ் வழியாத்தான் சிங்க் ஆகும். ரெண்டு பேர் சேர்ந்து ஒரே நேரத்துல எழுதறதுக்கு இது ஆகாது. கம்பைல் மெனு முதல்ல பாக்கறப்ப தலை சுத்தும், ரெடிமேட் ஃபார்மட் ஒண்ண எடுத்து வேர்ட் ஃபைலா வெளிய எடுத்துட்டு மத்த அலங்காரத்த அங்க பாத்துக்கறது சுலபம்.

விலை சுமார் 60 டாலர், ஒரு தடவ கட்டினா போதும், மாசச் சந்தா கிடையாது. மேக், விண்டோஸ் ரெண்டுக்கும் லைசன்ஸ் தனித்தனி. ட்ரையல் 30 நாள், அதுவும் நீங்க திறக்கற நாள் மட்டும்தான் கணக்கு, வாரத்துக்கு ரெண்டு நாள் எழுதறவங்களுக்கு மூணு மாசத்துக்கு மேலயே ஓடும். ட்ரையல்ல புதுக் கதை ஆரம்பிக்காதீங்க, ஏற்கனவே முடிச்ச முதல் பாகத்த உள்ள போட்டு காட்சி காட்சியா உடைச்சுப் பாருங்க, வாங்கணுமா வேண்டாமான்னு அதுலயே தெரிஞ்சிடும்.