ஆஸ்பத்திரிக்கே தேடி வந்து “கேஸ் நாங்க பாத்துக்கறோம்” என்பவர்களிடம் எதையும் கொடுக்காதீர்கள்

ஆப்பில் பிடித்த காரிலோ ஆட்டோவிலோ போகும்போது அடிபட்டு, பெங்களூர் ஆஸ்பத்திரி எதிலாவது படுத்திருக்கும் நம் ஆட்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை இன்றைக்கே படித்துக் காட்டுங்கள். நாளைக்குள் அவர்கள் எதிலாவது கைநாட்டு வைத்துவிடலாம். நான் அப்படித்தான் வைத்தேன்.

2024 நவம்பர் முதல் வாரம். தீபாவளிக்கு சேலம் போய்விட்டு, விடியற்காலை மடிவாளாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, அல்சூர் வீட்டுக்கு ஆப்பில் கார் பிடித்தேன். ஆடுகோடி வருவதற்குள் டிரைவர் இரண்டு தடவை தலையை உதறிக்கொண்டார். ‘தூக்கம் வருதாண்ணா’ என்று கேட்க வாயெடுப்பதற்குள், ஓரமாக நின்றிருந்த தண்ணீர் டேங்கர் பின்னால் கார் போய் இடித்துவிட்டது. முன் சீட்டில் கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். நான் பிளவுஸ் தைத்துப் பிழைப்பவள். இப்போதும் கத்தரிக்கோலைப் பிடித்து நாலு அங்குலம் வெட்டினால் கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை சுண்டி இழுக்கிறது. துணியைத் திருப்பிப் பிடிக்க மணிக்கட்டு வளைவதில்லை.

ஆபரேஷனுக்கு மறுநாள் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். “அக்கா, சேலமா நீங்க? நான் தர்மபுரிதான்” என்றார். என் பெயர், கார் நம்பர், எந்த ஸ்டேஷனில் கேஸ் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வலியில் இருந்தேன், நம் பாஷை பேசினார், ஆறுதலாக இருந்தது. “ஒரு பைசா செலவில்ல. காசு வந்தா கால் பங்கு மட்டும் குடுங்க. ஆறு மாசத்துக்குள்ள போடலேன்னா கேஸே நிக்காது” என்றார். வலது கை கட்டில் இருந்ததால் இடது கட்டைவிரலில் மை தடவி, எனக்காக வக்கீல் ஆஜராகலாம் என்று ஒப்புக்கொள்ளும் வக்காலத்துத் தாளில் ரேகை வாங்கிக்கொண்டார். அப்புறம் நான்கு வெள்ளைத் தாளிலும். டிஸ்சார்ஜ் ஆனதும் வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் எல்லாவற்றையும் அசலாகவே எடுத்துப் போனார். கட்டுப் பிரித்த பிறகு கோர்ட்டில் கேட்பார்கள் என்று கையெழுத்துப் போட்ட இரண்டு செக்கும் வாங்கினார். நானும் கொடுத்தேன்.

அந்த ஆறு மாதக் கணக்கு பொய்யில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் இருக்கும்போது இரண்டாம் நாளே வெள்ளைத் தாளில் ரேகை எதற்கு? அதை எனக்குச் சொல்ல அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

பல மாதம் கழித்து, “அக்கா, கோர்ட்டுக்கு வாங்க, வாய்தாவுக்கு ஒரு கையெழுத்து” என்று கூப்பிட்டார். ஹால் முழுக்கக் கூட்டம். என் வக்கீல் என்பவரை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். என் முகத்தை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் கன்னடம் பேசுவேன், படிக்கத் தெரியாது, இங்கிலீஷும் அவ்வளவுதான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அது மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு சமரசமாக ராஜி ஆகும் மனு என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் போனில் இரண்டு மெசேஜ் வந்தது. முதலாவது, கணக்கில் 1,60,000 ரூபாய் வரவு. அடுத்தது, செக் மூலம் 70,000 ரூபாய் பற்று. இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம்கூட இல்லை. கால் பங்கு என்றால் 40,000தானே என்று போன் செய்தால், “ஆபீஸ் செலவு, டாக்டர் செலவு இருக்குதுல்லக்கா” என்றார். அதற்கப்புறம் என் நம்பரை எடுப்பதே இல்லை. அக்கா மகன் இ-கோர்ட்ஸ் ஆப்பில் கேஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தான். கேஸ் முடிந்தது என்று இருந்தது.

பெங்களூர் சித்தையா ரோட்டில் நியாய தேகுலா என்ற கட்டடத்தில் மாநில சட்ட சேவைகள் ஆணையம் இருக்கிறது. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். இது 1987ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. 15100க்கு போன் செய்தாலும் வழி சொல்கிறார்கள். நான் அங்கே போனபோது இருந்த வக்கீல் அம்மா என்னிடம் முதலில் கேட்டது, “டிசபிலிட்டி சர்டிபிகேட் எங்கம்மா?” என்றுதான். கை எவ்வளவு செயலிழந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுப்பது அது. எனக்கு அப்படி ஒன்று வாங்கவே இல்லை.

அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மாத வருமானம் 15,000. வருடத்துக்கு 1,80,000. கையை வைத்துப் பிழைக்கும் தொழில், சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போனதாக வைத்தால் வருடத்துக்கு 36,000 நஷ்டம். அடிபட்டபோது எனக்கு 38 வயது. 36 முதல் 40 வயது வரைக்கும் 15ஆல் பெருக்க வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் அட்டவணை கொடுத்திருக்கிறது. ஆக 5,40,000 ரூபாய். இது எதிர்கால வருமானத்துக்கு மட்டும். ஆஸ்பத்திரி செலவு, வேலைக்குப் போகாத மாதங்கள், பட்ட வலி எல்லாம் தனி. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

மக்கள் நீதிமன்றத்தில் ராஜியாகிவிட்டால் அப்பீல் கிடையாது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று ஐகோர்ட்டில் ரிட் மனு மட்டும்தான் போட முடியும். அதற்கான வேலை நடக்கிறது. கோர்ட்டில் என் முகத்தைக்கூடப் பார்க்காத அந்த வக்கீல் மேல், வக்கீல்களைக் கண்காணிக்கும் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறேன். வருகிற பணத்தில் இத்தனை பங்கு என்று பேசுவதே வக்கீல்களுக்குத் தடை என்று இந்திய பார் கவுன்சில் விதியில் இருக்கிறதாம். ஆள் வைத்து கேஸ் பிடிப்பதும் கூடாது. இது முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கால் பங்குப் பேச்சிலேயே ஆளை அனுப்பியிருப்பேன்.

எனக்குத் தெரியாமல் போன இன்னொன்று. ஆப் கம்பெனிக்காரர்கள் “டிரைவர் எங்கள் ஊழியர் இல்லை” என்று பதில் போட்டதும் எல்லாம் போச்சு என்று நினைத்துவிட்டேன். அப்படி இல்லை. மஞ்சள் போர்டு வண்டிக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் இருக்கும்; பயணிக்கு நஷ்ட ஈடு அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வரும். விபத்து பற்றிய விவர அறிக்கையை போலீஸே 90 நாளுக்குள் மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பெங்களூரில் அந்தத் தீர்ப்பாயம் சிறு வழக்கு நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. ஆப்பில் இருக்கும் டிரிப் விவரத்தை மட்டும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வண்டி நம்பர், நேரம், நீங்கள் அந்த வண்டியில்தான் இருந்தீர்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆஸ்பத்திரியில் சாலை விபத்து என்று சொல்லி எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ கேஸ்) பதியச் சொல்லுங்கள். யார் கேட்டாலும் ஜெராக்ஸ் கொடுங்கள், அசல் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

என்னுடைய அசல் எக்ஸ்ரேயும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்டு வக்கீல் ஆபீஸ் முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட் அனுப்பினேன். டெலிவரி ஆகிவிட்டது என்று மெசேஜ் வந்து இருபது நாள் ஆகிறது.