டீப் டிஷ்யூவா, ஸ்வீடிஷா?

நாள் முழுக்க லேப்டாப்பைப் பார்த்துக் குனிந்தே இருப்பவர்களுக்குக் கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் நடுவில் கல் மாதிரி ஒன்று இறுகிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய மசாஜ் நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் மென்மையாக நீவும் ஸ்வீடிஷ், ஆழமாக அழுத்தும் டீப் டிஷ்யூ என்ற இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்வார்கள். அழுத்தம் கூடினால் பலனும் கூடும் என்று நம்பி நானும் வெகுநாள் டீப் டிஷ்யூ பக்கமே சாய்ந்திருந்தேன். அந்த நம்பிக்கை தவறு.

ஸ்வீடிஷில் எண்ணெய் தாராளம். நீவுவது, பிசைவது, தேய்ப்பது, தட்டுவது, அதிரவைப்பது என ஐந்து வகை அசைவுகள். பெயரில்தான் ஸ்வீடன், அசைவுகளை இப்படி வகைப்படுத்தியவராகச் சொல்லப்படுபவர் 19-ஆம் நூற்றாண்டு டச்சு மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர். உடம்பு மொத்தமும் தளர வேண்டும், ராத்திரி நன்றாகத் தூங்க வேண்டும் என்றால் இதுவே போதும்.

டீப் டிஷ்யூவில் எண்ணெய் குறைவு. வழுக்கினால் பிடி கிடைக்காது. முதலில் மேல்தசையை நீவிச் சூடேற்றுவார்கள். பிறகு முன்கையையோ முழங்கை முட்டியையோ பதித்து, தசைநார் ஓடும் திசையில் மெல்ல நகர்த்துவார்கள். ஒரு சாண் தூரம் கடக்கவே அரை நிமிடம் ஆகும். இறுக்கமான இடத்தில் அப்படியே நிற்பார்கள். நாம் இரண்டு மூன்று மூச்சு விட்டதும் அது கொஞ்சம் இளகுவது தெரியும். ஓட்டப்பயிற்சி செய்பவர்களுக்கும், ஒரே இடத்தில் பிடிப்பு உள்ளவர்களுக்கும் இதுதான் பொருத்தம். கழுத்தைத் திருப்புவது எளிதாகும், வலி குறையும். ஆனால் சில நாட்களுக்குத்தான். 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி (American College of Physicians) என்ற மருத்துவர் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கான மருந்தில்லா வழிகளில் மசாஜையும் சேர்த்தது. நாள்பட்ட வலிக்கு அது முன்வைத்தவற்றில் உடற்பயிற்சி உண்டு, மசாஜ் இல்லை.

'நச்செல்லாம் வெளியேறிவிடும்' என்பதை நம்ப வேண்டாம். உடற்பயிற்சியில் சேரும் லாக்டிக் அமிலத்தை உடம்பே ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அகற்றிவிடுகிறது.

ஜாக்கிரதை என்று பார்த்தால் டீப் டிஷ்யூவுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்; சில நேரம் இரண்டுமே கூடாது. சில வருடங்களுக்கு முன் நீண்ட பஸ் பயணம் முடிந்து வந்த அப்பாவுக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுட்டது. "சதைப்பிடிப்புதான், அழுத்தி நீவிவிடுப்பா" என்றார். எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தும்விட்டேன். இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அம்மாதான் தடுத்தார். டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருந்தது தெரிந்தது. அழுத்தியிருந்தால் அது பெயர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் மென்மையான மசாஜும் கூடாது, முதலில் மருத்துவர்.

வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆழ அழுத்தினால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளலாம். எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்தவர்களுக்கு (ஆஸ்டியோபொரோசிஸ்) விலா எலும்பே முறியலாம். கர்ப்பிணிகளும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. கழுத்தின் முன்பக்கத்தில் மூளைக்கு ரத்தம் போகும் குழாய் இருக்கிறது. அங்கே யாரையும் அழுத்த விடாதீர்கள். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால் அது மசாஜுக்கான வலியே இல்லை.

தாங்கக்கூடிய வலி எது? உங்களால் சீராக மூச்சுவிட முடிகிற அளவு. பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்தால் தசை எதிர்த்து இறுகுகிறது என்று அர்த்தம். உடனே "கொஞ்சம் குறைங்க" என்று சொல்லிவிடுங்கள். மறுநாள், அதற்கடுத்த நாள் லேசாக வலிப்பது சகஜம். சிறுநீர் கறுத்துப் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; தசை சிதைந்திருக்கலாம்.

இப்போதெல்லாம் நான் கேட்பது உடம்பு முழுக்க ஸ்வீடிஷ், வலது தோள்பட்டைக்கு மட்டும் கடைசிப் பதினைந்து நிமிடம் டீப் டிஷ்யூ. பெரும்பாலான தெரபிஸ்டுகள் சரி என்றே சொல்கிறார்கள்.