சாம்ப்ராஸும் அகாசியும்: இரு வேறு வெற்றிப் பாதைகள்

பீட் சாம்ப்ராஸ், ஆந்த்ரே அகாசி ஆகிய அமெரிக்க டென்னிஸ் வீரர்களை வெறும் பட்ட எண்ணிக்கையால் ஒப்பிட்டால், 14 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை (டென்னிஸின் நான்கு மிகப் பெரிய தொடர்களின் பட்டங்கள்) வென்ற சாம்ப்ராஸ், 8 வென்ற அகாசியை எளிதில் முந்திவிடுவார். 1993 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் உலகின் முதல் நிலை வீரராகவே ஆண்டை முடித்தவர் அவர். நேருக்கு நேர் மோதியதிலும் 20-14 என அவரே முன்னிலை வகிக்கிறார். ஆயினும் பிரெஞ்சு ஓப்பனின் களிமண் தரையில் அவரால் ஒருமுறைகூட இறுதிப் போட்டியை எட்ட முடியவில்லை.

அகாசியின் பயணமோ ஏற்ற இறக்கங்கள் நிறைந்தது. 1997-இல் 141-ஆவது இடத்திற்குச் சரிந்த அவர், சிறிய சேலஞ்சர் போட்டிகளில் ஆடி மீண்டெழுந்து, 1999-இல் பிரெஞ்சு ஓப்பனை வென்று நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் கைப்பற்றியவர் ஆனார். அந்த மீட்சியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இருவரின் ஆட்ட முறையையும் அருகருகே வைத்துப் பார்க்க, 2001 அமெரிக்க ஓப்பன் காலிறுதி ஒன்றே போதும். சர்வீஸ் போட்டவுடன் வலைக்கு விரையும் சாம்ப்ராஸை, எல்லைக்கோட்டில் நின்று பந்து எழும்போதே திருப்பியடிக்கும் அகாசி எதிர்கொண்டார். நான்கு செட்டுகளிலும் ஒருவர் சர்வீஸ் போட்ட ஆட்டத்தை மற்றவர் ஒருமுறைகூட வெல்லவில்லை, நான்கும் 6-6 சமநிலையில் ஆடப்படும் டைபிரேக்கரிலேயே முடிந்தன. சாம்ப்ராஸ் வென்றார்.

2002 அமெரிக்க ஓப்பன் இறுதியில் அகாசியை வீழ்த்திய சாம்ப்ராஸ் அதன்பின் தொழில்முறைச் சுற்றில் ஆடவேயில்லை. அகாசியோ அடுத்த ஆண்டே ஆஸ்திரேலிய ஓப்பனை வென்று, 33 வயதில் மீண்டும் முதலிடம் பிடித்து, 2006 வரை ஆடினார்.