ஜோய்ஸ்டிக்கா, கீபோர்ட்டா: பாக்மேன் போட்டிக்கு எது நியாயம்?

எங்கள் சனசமூக நிலையத்தில் சித்திரைப் புத்தாண்டு விழா என்றால் முட்டி உடைத்தல், கயிறிழுத்தல், தலையணைச் சண்டை, போர்த்தேங்காய் என்று வழக்கமான பட்டியல்தான் இருக்கும். மூன்று வருடங்களுக்கு முன் பொடியன்கள் அதில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பழைய ஆர்கேட் கேம்களில், அதாவது கடைகளில் மெஷினுக்குக் காசு போட்டு விளையாடிய கேம்களில், யார் கூடப் புள்ளி எடுப்பது என்ற போட்டி. நிலையத்தில் சும்மா கிடந்த கொம்பியூட்டரில், அந்த மெஷின் கேம்களைக் கொம்பியூட்டரிலேயே ஓட்டும் மேம் என்ற எமுலேட்டர் மென்பொருளை ஏற்றி, பாக்மேன், டொங்கி கொங், கலாகா, 1942 என்று நான்கு கேம்களைத் தெரிந்தார்கள். விழாவுக்கு முந்திய இரண்டு வாரமும் பின்னேரங்களில் விளையாடலாம், ஆளுக்கு மூன்று தடவை, அதில் சிறந்த புள்ளி கணக்கு. கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்துகிறவன் என்பதால் நடுவர் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் வருடமே சண்டை. புள்ளியைப் பற்றி அல்ல, எதைப் பிடித்து விளையாடுவது என்பதைப் பற்றி. முதல் வருடம் அவரவர் கருவி, இரண்டாம் வருடம் எல்லாருக்கும் ஒரே ஜோய்ஸ்டிக், மூன்றாம் வருடம் எல்லாருக்கும் ஒரே கீபோர்ட் என்று மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டோம். நான் இப்போது கீபோர்ட் கட்சி. அதை முதலே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்கள் அதற்கேற்றபடி கழித்துப் பார்க்கலாம்.

அவரவர் கருவி என்பது கேட்க நல்லாக இருக்கும். போர்த்தேங்காய்க்கு அவரவர் தேங்காய்தானே கொண்டு வருகிறோம் என்று ஒருவன் கேட்டான். போர்த்தேங்காயில் ஓடு தடித்த காயைத் தேடிப் பிடிப்பதே பாதி விளையாட்டு. பாக்மேனில் அப்படி இல்லை. இரண்டாம் நாளே ஒரு தம்பி டர்போ பட்டன் வைத்த கேம்பாட்டோடு வந்தான். 1942 விளையாடும்போது சுடும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி இருந்தான், குண்டு மழையாகக் கொட்டியது. டர்போ அந்தக் கேம்பாட்டுக்குள் இருக்கும் சிப்பில் நடக்கிறது. எமுலேட்டருக்குத் தெரிவதெல்லாம் யாரோ மகா வேகமாக அழுத்துகிறார் என்பது மட்டும்தான். மேமில் எந்த செட்டிங்கை நிறுத்தினாலும் இது நிற்காது. மாட்டுவண்டிச் சவாரியில் மாட்டை ஓட்டும் கேட்டிக் கம்பின் நுனியில் ஆணி வைத்தவனை என்ன சொல்வோமோ அதைத்தான் அவனுக்கும் சொன்னோம். அவன் அப்பாவி, கடையில் வாங்கிய சாமானைக் கொண்டு வந்தான், அவ்வளவுதான். ஆனால் வருகிற ஒவ்வொரு கருவியையும் கழற்றிப் பார்க்க எனக்கு நேரமில்லை. ஆகவே இந்த வழி அந்த வருடத்தோடு முடிந்தது.

டர்போ எல்லாக் கேமிலும் ஒரே அளவு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். கலாகாவில் ஒரு விமானத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு குண்டுகள்தான் திரையில் இருக்கலாம். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஒன்றே ஒன்று. அங்கே விரைவாகச் சுடுவதைவிடப் பார்த்துச் சுடுவதுதான் பெரிது. 1942 போன்றவற்றில்தான் விரலின் உழைப்பு புள்ளியாகிறது. 1983இல் கொனாமி விட்ட ட்ராக் அண்ட் ஃபீல்ட் இதன் உச்சம். ஓடும் பட்டனை எத்தனை தடவை தட்டுகிறீர்கள் என்பதே அங்கே வேகம். அதில் பென்சிலையும் அடிமட்டத்தையும் பட்டன்மேல் வைத்துத் துள்ளவிட்ட கதைகள் உலகம் முழுக்க உண்டு. எங்கள் விதி இது: விரல் செய்தால் சரி, வேறு பொருள் செய்தால் இல்லை. 2023 டிசம்பரில் 13 வயதுப் பொடியன் ஒருவன் விளையாடி விளையாடி நின்டென்டோ டெட்ரிஸ் கேமையே மேலே போக முடியாமல் உறைய வைத்தான். கன்ட்ரோலரின் பின்பக்கத்தை விரல்களால் மாறி மாறித் தட்டும் உத்தியை அவன் பயன்படுத்தினான். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் ஒரு தட்டலுக்கு ஒரு அசைவுதான். அது திறமை.

சரி, ஜோய்ஸ்டிக்குக்கு வருவோம். எனக்கு உள்ளூர ஆசை இதில்தான் இருந்தது. 1980இல் வந்த பாக்மேனும் 1981இல் வந்த டொங்கி கொங்கும் நான்கு திசை மட்டும் போகும் ஜோய்ஸ்டிக்குக்காகச் செய்யப்பட்டவை. மூல மெஷின் எப்படியோ அப்படி விளையாடுவதே நியாயம் என்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. உலக சாதனைக்காரர்கள் இதை எவ்வளவு கடுமையாக எடுப்பார்கள் என்பதற்கு ஒரு உதாரணம் காணும். 2018இல், கேம் சாதனைகளைப் பதிவு செய்யும் ட்வின் கலக்சீஸ் நிறுவனம், பிரபல சாதனைக்காரர் பில்லி மிச்செலின் புள்ளிகளைத் தன் பட்டியலிலிருந்து எடுத்தது. அவர் காட்டிய டொங்கி கொங் ஆட்டங்கள் மாற்றம் செய்யாத மூல ஆர்கேட் போர்டில் ஓடியவை அல்ல என்று அது முடிவு செய்ததுதான் காரணம். எமுலேட்டர் புள்ளிகளுக்கு அங்கே தனி வரிசை இருக்கிறது.

ஆகவே கொழும்பு புறக்கோட்டையிலிருந்து ஒரு ஜோய்ஸ்டிக்கும் பட்டன்களும் எடுப்பித்து, ஊர்த் தச்சரிடம் பலகைப் பெட்டி செய்வித்தேன். பார்க்க வடிவாக இருந்தது. அந்தக் காசுக்கு ஏழு கீபோர்ட் வாங்கியிருக்கலாம் என்று மனைவி கணக்குச் சொன்னாள், அதை நான் காதில் வாங்கவில்லை.

முதல் குறை திசையில் வந்தது. சில ஜோய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் தகட்டைத் திருப்பி வைத்தால் நான்கு திசைக்கு அடைத்துவிடும். எங்களுடையது எட்டுத் திசைக்காரன். பாக்மேனில் மேலே திரும்ப நினைத்து மூலைக்குத் தள்ளினால் இரண்டு திசை ஒன்றாகப் போகும். பேய்கள் துரத்த ஓடும் பாக்மேன் வளைவுகளில் கொஞ்சம் முந்தியே திரும்பலாம். அப்படித் திரும்பினால் மூலையை வெட்டிக்கொண்டு போவான், பேய்களால் அது முடியாது. அந்தச் சின்ன இலாபத்தை ஒவ்வொரு வளைவிலும் சேர்த்துத்தான் தப்புகிறோம். ஆகவே திசை தெளிவாகப் போவது வெறும் வசதி அல்ல, புள்ளியே அதில்தான் இருக்கிறது. ஆனாலும் எல்லாருக்கும் ஒரே குறை என்பதால் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

கவிழ்த்தது பராமரிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மனம் மாறியது இங்கேதான்.

ஜோய்ஸ்டிக்கின் அடியில் திசைக்கு ஒன்றாக நான்கு மைக்ரோசுவிட்ச் இருக்கின்றன. சித்திரை வெயில், தகரக் கூரை, வாசலில் போகிற ஒவ்வொரு டிப்பருக்கும் ஒரு வாளி செம்புழுதி, நாற்பது பேரின் வியர்வைக் கை. ஒன்பதாம் நாள் இடப்பக்கம் சில தடவை வேலை செய்யவில்லை. முதலில் சொன்னவன் டொங்கி கொங்கில் பீப்பாவில் அடிபட்டுத் தோற்றவன். தோற்றவன் சொன்னால் யார் நம்புவது? இரண்டாமவன் சொன்னபோது நானே உட்கார்ந்து இடப்பக்கம் இருபது தடவை தள்ளிப் பார்த்தேன். நான்கு தடவை போகவில்லை.

இப்போது கேள்வி: எப்போதிருந்து? நேற்றா, முந்தநாளா? யாருடைய ஆட்டத்தைத் தள்ளுவது, யாருக்கு மறுபடி கொடுப்பது? சொல்லி வைத்தால் மேம் ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிவு செய்யும், அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் மண்டையில் ஏறியது. பதிவில் இருப்பது மெஷினுக்குப் போய்ச் சேர்ந்த அழுத்தல் மட்டும். கை தள்ளியும் போய்ச் சேராத அழுத்தலுக்கு அங்கே தடயமே இல்லை. டர்போ போட்டவனையாவது பதிவில் உள்ள அழுத்தல்களின் தாளத்தை வைத்துச் சந்தேகிக்கலாம். சுவிட்ச் ஏமாற்றியவனுக்கு எந்தச் சாட்சியும் கிடையாது.

மாற்று சுவிட்ச் கிளிநொச்சியில் கிடைக்கவில்லை, வவுனியாவில் கேட்டோம், அங்கும் இல்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர நான்கு நாள். வந்தது வேறு கொம்பனி சாமான், சுருள் இளகல். தள்ளுவது முன்னையைவிட இலேசு. முதல் வாரம் விளையாடியவர்கள் ஒரு ஜோய்ஸ்டிக்கிலும் கடைசி நாட்களில் விளையாடியவர்கள் இன்னொன்றிலும் விளையாடியது போலாயிற்று. “அண்ணை, இது ஓட்டப் போட்டியில் பாதிப் பேரை மணலில் ஓடவிட்ட மாதிரி” என்றான் ஒருவன். அவனுக்கு என்ன பதில் சொல்வது? அந்த வருடம் டொங்கி கொங் பரிசைக் கொடுக்காமலே விட்டோம்.

கீபோர்ட்டும் பழுதாகும். ஆனால் பழுதானால் என்ன நடக்கும் என்பதில்தான் வித்தியாசம். ரூபா 1,500 அளவில் ஒரே மாடலில் மூன்றை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கி வைத்தோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னர் பயன்படும் ஐந்தாறு விசைகளையும் சோதித்துப் பார்க்கப் பத்து விநாடி. சந்தேகம் வந்தால் கழற்றி அடுத்ததைச் செருக அரை நிமிடம், கைக்கு அதே உணர்வு. மூன்றாம் வருடம் ஒன்றை மாற்றினோம், யாரும் கவனிக்கக்கூட இல்லை. எங்கள் ஊரில் நியாயம் என்பதற்கு நான் கண்ட ஒரே உரைகல் இதுதான்: உடைந்தால் அச்சு அசலாக இன்னொன்று உடனே கிடைக்குமா?

கீபோர்ட்டில் சிக்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். மலிவு விசைப்பலகைகளில் விசைகள் வரிசையும் நிரலுமாகக் கம்பி இணைத்திருப்பதால், மூன்று விசை ஒன்றாக அழுந்தினால் சிலவேளை ஒன்று போகாது. 1942இல் மேலே, இடப்பக்கம், சுடுதல் மூன்றும் சேர்ந்தே வரும். சுடுவதை ஸ்பேஸ் விசைக்கு மாற்றிய பொடியன்களுக்கு இதுதான் நடந்தது. மேம் இயல்பாகவே முதல் பட்டனை இடப்பக்கக் கன்ட்ரோல் விசைக்கும் இரண்டாவதை ஆல்ட் விசைக்கும் கொடுத்திருக்கிறது. அந்த விசைகளை அனேகமாகப் புறம்பாக இணைத்திருப்பார்கள், ஆகவே மற்றவற்றோடு மோதாது. அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஜோய்ஸ்டிக்கை ஒரே நேரத்தில் இடமும் வலமும் தள்ள முடியாது. கீபோர்ட்டில் முடியும். மேம் இயல்பு நிலையில் எதிரெதிர்த் திசைகளை ஒன்றாக ஏற்காது, அந்தத் தெரிவை யாரும் திறக்காமல் பார்த்தால் போதும். கொம்பியூட்டர் கேம் உலகத்திலும் இதே தலையிடிதான். 2024 ஓகஸ்டில் வால்வ் நிறுவனம் தன் துப்பாக்கிச் சண்டைக் கேமான கவுன்டர் ஸ்ட்ரைக் 2இல் எதிர்த் திசை மாற்றத்தைக் கீபோர்ட்டே தானாகச் செய்து கொடுக்கும் வசதியைத் தடை செய்தது.

மூன்றாவதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான்கு திசைக் கேம்களில் இரண்டு விசை சேர்ந்து அழுந்தினால் மேம் புதிதாக அழுத்தியதையே எடுத்துக்கொள்கிறது. வலப்பக்கத்தை விடாமலே மேலே அழுத்தினால் பாக்மேன் பேசாமல் திரும்புவான். உண்மையான மெஷினைவிட இது இலகு. ஆகவே எங்கள் சுவரில் எழுதிய புள்ளிகளை அந்தக் காலத்து மெஷின் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பெருமை பேசக் கூடாது. எங்களுக்குள் ஒப்பிடலாம், அது காணும்.

விசை எங்கே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நாங்கள் பிடிவாதம் பிடிப்பதில்லை. டொங்கி கொங் மெஷினில் திசை இடக்கைக்கு, பாயும் பட்டன் வலக்கைக்கு. கீபோர்ட்டில் அம்புக்குறிகள் வலப்பக்கம், அதாவது தலைகீழ். யார் எந்தப் பக்கம் வைத்தாலும் சரி, ஒரு விசைக்கு ஒரு வேலை என்றால் போதும். இந்த விதி முதலில் இடக்கைக்காரருக்காக வந்தது. அதனால் உண்மையில் பயனடைந்தவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அண்ணை. 2009க்குப் பிறகு அவருக்கு இடது முழங்கைக்குக் கீழே இல்லை. பாக்மேனுக்குப் பட்டன் இல்லாததால் ஜோய்ஸ்டிக் வருடத்தில் அவர் அதை மட்டும் விளையாடினார். கீபோர்ட் வந்ததும் பாய்வதை வலப்பக்கக் கன்ட்ரோல் விசைக்கு மாற்றிக் கொடுத்தேன். மூன்று விரல் அம்புக்குறிகளில், பெருவிரல் கன்ட்ரோலில். டொங்கி கொங்கில் மூன்றாமிடம் வந்தார். முதலிடம் வராததற்கு என்னைத்தான் இன்னும் ஏசுகிறார், விசை இறுக்கமாம்.

மற்ற செட்டிங்குகளில் வாதம் இல்லை. மூன்று உயிர், மேலதிக உயிர் பாக்மேனுக்கு 10,000இல், டொங்கி கொங்குக்கு 7,000இல், எல்லாம் இயல்பு நிலையிலேயே இருக்கட்டும். இடைநிறுத்தம், இடையில் சேமித்தல், வேகத்தை மாற்றுதல் மூன்றும் கூடாது. இவற்றை முடக்கியே வருகிற வுல்ஃப்மேம் என்ற மேம் பதிப்பு இருக்கிறது, நடுவருக்குக் கத்துகிற வேலை மிச்சம்.

கீபோர்ட் தோற்கும் இடம் உருளைப்பந்தும் சுழல்குமிழும் வைத்த கேம்கள். சென்டிபீட், மிசைல் கமாண்ட், ஆர்கனாய்ட் இந்த இனம். அம்புக்குறியில் ஆர்கனாய்ட் மட்டையை நகர்த்துவது வண்டில் மாட்டை ரிமோட்டில் ஓட்டுவது போல. மவுஸ் வைத்து ஒரே ஒரு பின்னேரம் ஓட்டிப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உணர்திறன் எண்ணை எங்கே பூட்டுவது என்பதில் ஆறு பேருக்கு ஏழு கருத்து. ஒரு பின்னேர அனுபவத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வருகிற சித்திரைக்கு ஆர்கனாய்ட் வேண்டும் என்று பொடியன்கள் நிற்கிறார்கள். ஒரே மாடல் மவுஸ் மூன்று வாங்கக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.