கடையில் செய்து தரும் "ரிகவரி பென்"னை நம்பி நான் ஏமாந்த கதை

கொழும்பு பம்பலப்பிட்டியில் மகளுக்கு லெப்டொப் வாங்கப் போனபோது, பில் போடும் நேரம் பார்த்துக் கடைப் பொடியன் மெதுவாகச் சொன்னான்: "அங்கிள், இதில வாறது வெறும் ஹோம் விண்டோஸ். நாங்கள் புரோ போட்டு, டி டிரைவும் பிரிச்சு, ரிகவரி பென்னும் செய்து தாறம். 6,000 ரூபாதான்."

ரிகவரி பென் என்றால், விண்டோஸ் பழுதானால் அதை மீண்டும் ஏற்ற உதவும் பென் டிரைவ். எனக்கு இது புதிய விஷயம் இல்லை. விண்டோஸ் 7 காலத்தில் வாங்கிய என் முதல் லெப்டொப் ரிகவரிக்கு நான்கு டிவிடி கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதோடேயே போனது. இப்போது வருபவற்றில் டிவிடி போட இடமே இல்லை. பொடியன் தானாகவே ரிகவரியைப் பற்றிப் பேசுகிறானே, விஷயம் தெரிந்தவன் போல என்று நம்பிக் காசைக் கொடுத்தேன். என்னைக் கவிழ்த்தது அந்த அரைகுறை அறிவுதான்.

வாங்கி ஒன்பதாம் மாதம், லெப்டொப்பில் எல்லாம் பதிந்திருக்கும் எஸ்எஸ்டி செத்துப்போனது. கம்பஸில் மகள் அறிக்கை கொடுக்க இரண்டு கிழமைதான் இருந்தது. அவள் பதறவில்லை. "அப்பா, எல்லாத்தையும் டி-யில பக்கப் எடுத்து வைச்சிருக்கிறன்" என்றாள். சி, டி இரண்டும் ஒரே எஸ்எஸ்டிக்குள் மறித்த இரண்டு அறைகள் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பழைய வரைவு ஒன்றுதான் மிஞ்சியது.

வொரண்டியில் எஸ்எஸ்டியை மாற்றித் தந்தார்கள். அது சரி. வீட்டுக்கு வந்து ரிகவரி பென்னைச் செருகினால், வந்தது யாரோ திருத்திய ஒரு விண்டோஸ். கூடவே, கள்ள விண்டோஸை அசல்போல ஆக்டிவேட் செய்யும் ஆக்டிவேட்டர் ஒன்று, முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லிக் கேட்டது. அங்கேயே நிறுத்திவிட்டு மருமகனைக் கூப்பிட்டேன். அவன் பென்னைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இதில 8 ஜிபி எண்டு போட்டிருக்கு. சிஸ்டம் ஃபைலோட ரிகவரி டிரைவ் செய்ய விண்டோஸ் குறைஞ்சது 16 ஜிபி கேட்கும். இது எப்பிடி ரிகவரி பென் ஆகும்?" ஒன்பது மாதமாக மேசை லாச்சியில் கிடந்த பொருள், ஒரு நாளும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். தயாரிப்பாளர் அசல் ஹோம் விண்டோஸோடும், மறைவான ரிகவரி பகுதியோடும் லெப்டொப்பை அனுப்பியிருக்கிறார். கடைக்காரர் டி பிரிக்கும் சாட்டில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கள்ளப் புரோவை ஏற்றியிருக்கிறார். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். "உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் ஆக்டிவேட் செய்யப்பட்டது" என்ற கருத்தில் அங்கே ஒரு வரி இருக்குமாம். எங்கள் வீட்டில் ஏது நிறுவனம்?

அசல் விண்டோஸின் திறவுகோல் லெப்டொப்பின் மதர்போர்டிலேயே பதிந்திருந்தது. தயாரிப்பாளரின் தளத்தில், லெப்டொப்பின் அடியில் ஒட்டியிருக்கும் இலக்கத்தைக் கொடுத்து மருமகன் புதிய பென்னில் ரிகவரியை இறக்கினான். ஹோம் ஏறியது, இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆனது. ஒரு சதம் செலவில்லை. ஹெச்பி, டெல், லெனோவா மூன்றுமே பல மாடல்களுக்கு இந்த வசதியை இலவசமாகத் தருகின்றன.

ஆகவே புதிய லெப்டொப்பைக் கடையில் யாரையும் தொட விடாதீர்கள். பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். 32 ஜிபி வெற்றுப் பென் ஒன்று வாங்குங்கள். அதில் ஏதாவது இருந்தால் அழிந்துவிடும். ஸ்டார்ட்டில் "ரிகவரி டிரைவ்" என்று தேடி, சிஸ்டம் ஃபைல்களைச் சேர்க்கும் பெட்டியில் சரி போட்டுவிட்டு, சார்ஜரைக் கழற்றாமல் அப்படியே விடுங்கள். ஆறுதலாகத்தான் முடியும். டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கரின் 48 இலக்கத் திறவுகோலையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்தப் பென்னில் உங்கள் படமோ, பாடக்குறிப்போ சேராது. அவற்றுக்கு வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் தனியாக வேண்டும். டி டிரைவ் பக்கப் ஆகாது.

கடைக்கு மீண்டும் போனேன். பொடியன் அங்கே இல்லை. முதலாளி, "சொப்ட்வெயாருக்கு வொரண்டி இல்லை அங்கிள்" என்றார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைப்பேன் என்றேன். அவர் அசரவில்லை, பில்லைக் காட்டச் சொன்னார். எடுத்து விரித்தேன். லெப்டொப் 1, பை 1, மவுஸ் 1. 6,000 ரூபாய் அதில் எங்கேயும் இல்லை.