உள்ளூர் வக்கீலா, வெளியூர் வக்கீலா?

தொண்டியில் ஒருவர் மேல் ஊரே கோபமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்காக வாதாட எந்த வக்கீல் தேவலை?

ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலின் வக்கீல் அட்டிகஸ் ஃபிஞ்ச் உள்ளூர்க்காரர். பொய்ப் புகாரில் மாட்டிய கறுப்பினத்தவருக்காக, ராத்திரி சிறை வாசலில் நாற்காலி போட்டு, பேப்பர் படித்தபடி காவல் இருக்கிறார். அடிக்க வரும் கூட்டத்தில் அவருடைய பழைய கட்சிக்காரரும் உண்டு, ஃபீஸுக்குப் பதில் விறகு கொண்டுவந்து போட்டவர். நம்ம கடற்கரையில் அது கருவாடாக இருந்திருக்கும். விடிந்தால் அவர் முகத்திலேயே விழிக்க வேண்டுமே!

‘ஜெய் பீம்’ (2021) படத்து வக்கீல் சந்துரு சென்னையிலிருந்து ஆட்கொணர்வு மனுவோடு வருகிறார், ஜெயிக்கிறார். சங்கத்துத் தலைவரோ சம்பந்தியோ அவரை நெருக்க முடியாது. அது பெரிய வசதி.

அட்டிகஸ் தோற்றது ஜூரியிடம், அதாவது தீர்ப்பு சொல்ல உட்கார்ந்த ஊர்க்காரர்களிடம். இந்தியாவில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஜூரி இல்லை; 2024-இல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் இல்லை. ஆக, ஊர்க்கோபம் தீர்ப்பு எழுதாது. ஆனால் சாட்சியின் வாயை அடைக்கும். பயந்த சாட்சியைத் திருவாடானை கோர்ட் வரை அழைத்து வர, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆள் வேண்டும்.

“இந்த வழக்கை யாரும் எடுக்கக் கூடாது” என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டால் செல்லாது. உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது.

என் ஓட்டு உள்ளூர்க்காரருக்கே. அப்பீல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போனால், அப்புறம் சந்துரு வரட்டும்.