ரெஃபரன்ஸ் போட்டோவுக்கு விக்கிமீடியா காமன்ஸ்: வரையறவங்க கண்ணுல ஒரு ரிவ்யூ

வாட்டர்கலர் பிரிண்ட் போட்டு இன்ஸ்டாவுல விக்கிறவங்க பாதிப்பேர் ரெஃபரன்ஸ் போட்டோவ, அதாவது பாத்து வரையற படத்த, பின்டரெஸ்ட்ல இருந்துதான் எடுக்கறாங்க, யாரு எடுத்த போட்டோங்கன்னு கேட்டா தெரியலையேன்னு பதில் வரும். நான் இப்போ விக்கிறதுக்குன்னு வரையற எல்லாத்துக்கும் விக்கிமீடியா காமன்ஸ்தான். விக்கிப்பீடியாவுக்கு படம் சேத்து வைக்கிற இடம்னு 2004ல ஆரம்பிச்சது, இன்னைக்கு பத்து கோடி ஃபைலுக்கு மேல கெடக்கு. காசு கெடையாது, லாகினும் தேவையில்ல.

எதுக்கு இவ்ளோ தலைவலின்னு கேக்கறவங்களுக்கு மட்டும் இது. முப்பது பர்சன்ட் மாத்திட்டா காப்பிரைட் வராதுன்னு ஆர்ட் க்ரூப்ல ஒரு கதை சுத்துது பாருங்க, அப்படி ஒரு பர்சன்ட் கணக்கு நம்ம ஊரு 1957 காப்பிரைட் சட்டத்துல எங்கயும் கெடையாது. போட்டோவும் ஓவியம் மாதிரியே ஒரு கலைப்படைப்புதான், அதை வேற எந்த வடிவத்துலயும் திருப்பி உருவாக்கற உரிமை எடுத்தவருக்கு, அவர் உயிரோட இருக்கற வரைக்கும், அதுக்கப்புறம் இன்னும் 60 வருஷம். வீட்ல உக்காந்து கை பழக வரையறதுக்கு யாரும் வந்து கேக்கப்போறதில்ல, சட்டமே சொந்த உபயோகத்துக்கு எடம் குடுக்குது. வில போட்டு விக்க ஆரம்பிச்சாதான் வம்பு.

பெரிய ஆளா இருந்தாலும் தப்பிக்க முடியாது. லின் கோல்ட்ஸ்மித்னு ஒரு போட்டோகிராபர் 1981ல பாடகர் பிரின்ஸை எடுத்த படம், அதை 1984ல ஒரு மேகஸின் 400 டாலர் குடுத்து ஓவியருக்கு ரெஃபரன்ஸா, ஒரே ஒரு தடவைக்குன்னு லைசென்ஸ் வாங்குச்சு. வரைஞ்சது உலகப்புகழ் ஓவியர் ஆண்டி வார்ஹால். அவர் ஒண்ணோட நிறுத்தாம ஒரு சீரீஸே பண்ணி வச்சுட்டார், 2016ல பிரின்ஸ் செத்ததும் அதுல இன்னொண்ண அந்த மேகஸினோட கம்பெனி அட்டையில போட்டு வார்ஹால் அறக்கட்டளைக்கு பத்தாயிரம் டாலர் குடுத்தது, கோல்ட்ஸ்மித்துக்கு பைசாவும் இல்ல பேரும் இல்ல. கேஸ் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2023 மே மாசம் 7க்கு 2ன்னு கோல்ட்ஸ்மித் அம்மா பக்கம் தீர்ப்பாச்சு. அமெரிக்க சட்டம்தான், நம்மள கட்டுப்படுத்தாது, ஆனா அந்த 'ஒரு தடவைக்கு'ங்கற கண்டிஷன் எவ்ளோ தூரம் வந்து நிக்குது பாருங்க.

சரி காமன்ஸுக்கு வருவோம். எனக்கு இதுல பிடிச்சதே படத்துக்கு கீழ இருக்கற அந்த டேபிள்தான். ஜல்லிக்கட்டு காளை ஒண்ண தொறந்தீங்கன்னா என்ன படம், எந்த தேதி, யாரு எடுத்தது, எந்த லைசென்ஸ், இன்னும் கீழ போனா எந்த கேமரா, ஷட்டர் ஸ்பீடு என்னன்னு வரைக்கும் பல படத்துக்கு இருக்கும். 'வியாபாரத்துக்கு கூடாது', 'மாத்தக்கூடாது'ன்னு கண்டிஷன் போட்ட படத்த இங்க ஏத்தவே விடமாட்டாங்க. ஃப்ளிக்கர்ங்கற போட்டோ சைட்ல அந்த ரகம் எல்லாம் கலந்து கெடக்கும், ஒவ்வொண்ணா பாத்துதான் எடுக்கணும்.

ஆனா எல்லாரும் கோட்டை விடற எடம் ஒண்ணு இருக்கு, 'சிசி பை எஸ்ஏ' (CC BY-SA). க்ரியேட்டிவ் காமன்ஸ்ங்கற பொது லைசென்ஸ்ல ஒரு ரகம், இங்க ரொம்ப சகஜம். இதுல அந்த எஸ்ஏ ரெண்டெழுத்துதான் விஷயம், அந்த போட்டோவ வச்சு நீங்க வரைஞ்சு வெளிய விட்டா உங்க ஓவியமும் அதே லைசென்ஸ்லதான் போகணும், அதாவது நாளைக்கு எவனோ ஒருத்தன் உங்க காளைய டீஷர்ட்ல அடிச்சு உங்க பேர ஓரமா போட்டு வித்தா நீங்க வாய தொறக்க முடியாது. பிரிண்ட் வித்து பொழைக்கறவங்களுக்கு இது ஆகாது. அதனால தேடும்போதே லைசென்ஸ் ஃபில்டர்ல பேர் மட்டும் போட்டா போதும்ங்கறதையோ, கண்டிஷனே இல்லாததையோ செலக்ட் பண்ணிக்கோங்க. பேர் போடறதுன்னா மொட்டையா 'நன்றி விக்கி'ன்னு இல்ல, எடுத்தவர் பேர், லைசென்ஸ், லிங்க், இதப் பாத்து வரைஞ்சதுன்னு ஒரு வரி. நான் பிரிண்டோட பின்பக்கம் சின்ன எழுத்துல அடிச்சுடறேன், வாங்கறவங்க யாரும் மூஞ்ச சுளிச்சதில்ல.

லைசென்ஸ் போட்டோவுக்குத்தான், உள்ள இருக்கற ஆளுக்கு இல்ல, இதையும் மனசுல வச்சுக்கோங்க. நடிகர் படம் ஃப்ரீயா கெடைக்குதேன்னு போஸ்டர் வரைஞ்சு விக்கப்போனா அது வேற ஏரியா, 2015லயே ரஜினி போட்ட கேஸ்ல சென்னை ஹைகோர்ட் அவர் பேரையும் உருவத்தையும் அனுமதி இல்லாம ஒரு சினிமாவுல பயன்படுத்தக்கூடாதுன்னு தடை போட்டிருக்கு. சென்னை கண்ணகி நகர் மாதிரி எடத்துல இருக்கற சுவர் ஓவியமும் அப்படித்தான். தெருவுல நிரந்தரமா நிக்கிற சிலைய வரையலாம், போட்டோ எடுக்கலாம்னு நம்ம சட்டத்துல விலக்கு இருக்கு, சுவர்ல தீட்டுன ஓவியத்துக்கு அந்த விலக்கு இல்ல.

எனக்கு உண்மையிலேயே புதையல்னா பழைய படங்கதான். மெட்ராஸ் அரசாங்கத்துக்கு போட்டோகிராபரா இருந்த லின்னேயஸ் டிரைப் 1858ல எடுத்த மதுரை, தஞ்சாவூர் படங்க இருக்கு, காப்பிரைட் எப்பவோ முடிஞ்சுது, யாரையும் கேக்க வேண்டாம். காகித நெகட்டிவ்ங்கறதால கல்லுத்தூண் மேல விழற நெழல் ஒரு மாதிரி சொரசொரன்னு இருக்கும், வாட்டர்கலர் பேப்பர்ல டிரை பிரஷ்ல, அதாவது ஈரம் அதிகமில்லாத பிரஷ்ல இழுத்தா அப்படியே வந்து ஒக்காரும். வானம் வெறிச்சுன்னு விழுந்துடும்னு அந்த மனுஷன் சில நெகட்டிவ்ல மேகத்த பிரஷ்ஷாலயே தீட்டி வச்சிருக்கார், நம்ம ஜாதி!

குறைன்னா தேடல் படு மோசம். தமிழ்ல அடிச்சா கொஞ்சம்தான் வரும், இங்கிலீஷ்ல அடிச்சு உள்ள போயி கேட்டகிரி கேட்டகிரியா நோண்டணும், அன்ஸ்ப்ளாஷ்ங்கற போட்டோ சைட் மாதிரி தொறந்ததும் கண்ண பறிக்கிற அழகெல்லாம் எதிர்பாக்காதீங்க. யாரு வேணா ஏத்தலாம்ங்கறதால அடுத்தவன் படத்த 'என் சொந்தப் படம்'னு ஏத்தறதும் நடக்குது, கண்டுபிடிச்சா தூக்கிடுவாங்க, அதுக்குள்ள நாம வரைஞ்சு முடிச்சிருப்போம். சின்ன சைஸ், கேமரா விவரம் எதுவும் இல்ல, ஏத்தின ஆளுக்கு வேற படமே இல்லன்னா நான் ரிவர்ஸ் இமேஜ் சர்ச் போட்டு, அதாவது அந்த படத்தையே குடுத்து நெட்ல வேற எங்க இருக்குன்னு தேடி பாத்துட்டுதான் தொடுவேன்.

5க்கு 4 குடுப்பேன். கோயில், பறவை, மாடு, பூ, பழைய ஊரு இதெல்லாம் தாராளமா கெடைக்கும். மனுஷ முகம், கை, பாவாடை மடிப்பு குளோஸப்ல வேணும்னா இங்க நேரத்த வீணாக்காதீங்க, தங்கச்சிய ஜன்னல் பக்கமா ஒக்கார வச்சு ஃபோன்லயே எடுத்துக்கோங்க.